நாலு மணிப் பை

வெறும் கவர் என்றால் காற்றில் படபடக்கும். இது படபடக்கவில்லை. தபால்கார நாயுடு சாக்குக் கிடங்கின் வாசலைத் தாண்டி, கடல்காற்று எதிர்த்து அடிக்கிற தெருமுனையில் திரும்பும்போது கையிலிருந்த கட்டைப் பைக்குள் செருகப் போனார். கட்டிலிருந்த மற்ற கடுதாசிகள் எல்லாம் சிலுசிலுவென்று ஆடின. மேலே கிடந்த அவளுடையது மட்டும் பலகைத் துண்டு மாதிரி அசையாமல் இருந்தது. கிடங்கில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த செங்கமலம் அதைப் பார்த்தாள். கண் பார்த்ததை மனசு வாங்கிக்கொள்ள, கோணி ஊசி நாலு தையல் போடுகிற நேரம் பிடித்தது. அதற்குள் நாயுடுவின் சிவப்புத் தலைப்பாகை முனை திரும்பிவிட்டது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. ஐந்தாவது தையலைப் போட்டாள், ஆறாவதையும் போட்டாள். சற்று முன்னால்தான் அவர் எதிரே வந்து நின்று, வழக்கம்போலக் கவரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "வந்திருக்கும்மா உன் ரங்கூன். பேரிங். ஒரணா எடு, இல்லாட்டி வாயெடு" என்றார். "வேண்டாங்கய்யா" என்று வாய் தானாகச் சொன்னது. "அதானே! ஊருக்கெல்லாம் கடுதாசி கொடுக்கச் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுக்குது, உனக்கு மட்டும் காட்டிட்டுப் போறதுக்குக் கொடுக்குது. சாமி புறப்பாடு மாதிரி தரிசனம் பண்ணிட்டு அனுப்பிடறே" என்று சிரித்தார். சாக்கு தைக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அப்படித்தான் பார்க்க வேண்டும். கை பட்டால் வாங்கினதாக ஆகிவிடும், அப்புறம் ஒரணாவை வைக்காமல் நாயுடு நகரமாட்டார் என்று பெண்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் இந்த இரண்டு வருஷத்தில் வந்த ஒரு கடுதாசியையும் அவள் தொட்டதில்லை. கண்ணால் மட்டும் இடது பக்கத்துக் கீழ்மூலையைத் தேடுவாள். தேடினாள். இருந்தது. ஒரு வட்டம். அவன் கை போட்ட வட்டம்தான், சேருகிற இடத்தில் கொஞ்சம் தாண்டி வால் நீண்டிருக்கும். அவ்வளவுதான். சுகம். வேண்டாங்கய்யா.

முத்திரை ஒட்டிப் போட்டால் அரையணா, அனுப்புகிறவன் கொடுக்க வேண்டும். ஒட்டாமல் போட்டால் பேரிங், வாங்குகிறவள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். வாங்க மாட்டேன் என்றால் யாரும் ஒன்றும் கொடுக்க வேண்டாம். கப்பலேறிய பிழைப்புக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அவள் புருஷன் வைத்திலிங்கத்துக்கும் தெரிந்திருந்தது. கப்பலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஈரமணலில் விரலால் போட்டுக் காட்டினான். ஒரு வட்டம் என்றால் சுகம். ஒரு கோடு என்றால் காயலா. இரண்டு வட்டம் என்றால் புறப்பட்டு வருகிறேன், அவள் போட்டால் புறப்பட்டு வா. உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம், வெறும் கவர், மேலே விலாசம், மூலையில் குறி. நீலாச்சி அப்போது இரண்டு வயசு முடியாத பிள்ளை, வட்டத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். "பாருடி, சுகத்துக்குள்ள குந்திட்டா" என்று அவன் சிரித்தான். இன்னும் ஏதாவது குறி வேண்டாமா என்று இவள் கேட்டாள். கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அலை வந்து கோட்டின் பாதியை எடுத்துக்கொண்டு போனது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "சுகம், காயலா, வர்றேன். வேற என்னா சேதி இருக்கு மனுசனுக்கு?" என்றான். அவளும் யோசித்தாள். அவளுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்தும் தோன்றவில்லை. குழந்தை நடுவில் உட்கார்ந்து மணலைத் தின்றுகொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படித் தோன்றும்?

"என்னாடி, தையல் கோணிக்கிட்டுப் போவுது?" என்றாள் பட்டம்மா. பக்கத்துப் பாய், பத்து வயசு மூத்தவள், வாயில் எப்போதும் புகையிலை. செங்கமலம் பார்த்தாள். சாக்கின் வாய் ஓரமாகப் போயிருக்க வேண்டிய தையல் நடுவயிற்றுக்கு வந்திருந்தது. பிரித்தாள். "அக்கா, வேண்டாம்னு சொன்ன கடுதாசி எங்க போவும்?" "எங்க போவும், வந்த வழி போவும். நாலு மணி ரயிலுக்குப் பை கட்டுவான் பாரு, அதுல." "ரங்கூனுக்கா?" "அனுப்பிச்சவன் பேரு எழுதியிருந்தா ரங்கூனுக்கு. உம் புருசன்தான் பேரே எழுதமாட்டானே, எழுதினா அவன்கிட்டல்ல கேப்பான் காசு. பேரு இல்லாததெல்லாம் பட்டணத்துக்குப் போவுமாம். அங்க ஒரு ஆபீசு. அதைக் கிழிச்சுப் பார்ப்பாங்களாம், உள்ள ஆளு தெரிஞ்சா அனுப்புவாங்களாம், தெரியலேன்னா அடுப்புல." பட்டம்மா துப்பினாள். "உங்க கவரைக் கிழிக்கிறவன் பாவம்டி. உள்ள காத்துதான் இருக்கும். ரெண்டு வருசமா நாகப்பட்டணத்துக் காத்தையும் ரங்கூன் காத்தையும் கிழிச்சுக் கிழிச்சுப் பார்த்திருப்பான்." எல்லாரும் சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்தாள். வாய் சிரித்ததை அவள் வேறு யாரோ சிரிப்பது போல உணர்ந்தாள். இன்றைக்குக் கிழித்தால் காற்று இருக்காது. எதுவோ இருக்கும். நாலு மணிக்கு அதைப் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைத்துவிட்டால், முகம் தெரியாத ஒருத்தன் பட்டணத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போடுவான். வைத்திலிங்கம் எழுதியது, எழுதச் சொன்னது, எதுவானாலும் அந்த அடுப்புக்குத்தான் தெரியும். சுங்கக் கூண்டில் மணி இரண்டு அடித்தது. இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் எத்தனை சாக்கு தைக்கலாம் என்று மனசு போயிற்று. ஒன்பது. கை சுறுசுறுப்பாக இருந்தால் பத்து.

சாக்கில் ரங்கூன் அரிசியின் வாடை இருந்தது. எல்லாச் சாக்கிலும் இருப்பதில்லை, பத்தில் ஒன்றில் இருக்கும், புழுங்கலும் எலிமூத்திரமும் கலந்த வாடை. அவன் அங்கே ஆலையில் மூட்டை கட்டுகிறான், அதனால் எங்கே இந்த வாடை வந்தாலும் அவள் கொஞ்சம் மெதுவாகத் தைப்பாள். ஆடி மாசத்துக்கு அப்புறம் அப்படித் தைப்பதில்லை. ஆடி மாசம் தெருவில் வாந்திபேதி வந்தது. நீலாச்சிக்குக் காலையில் கண்டது, விளக்கு வைக்கிறதுக்குள் முடிந்தது. நகரசபையிலிருந்து ஆள் வந்து வீட்டுக்குள் சுண்ணாம்பு அடித்தார்கள், பாயை எடுத்துப்போய் எரித்தார்கள், கிணற்றில் சிவப்பாக எதையோ கரைத்தார்கள். செங்கமலத்துக்கு அழுகை வரவில்லை. பட்டம்மா முதுகில் ஓங்கி அடித்துக்கூடப் பார்த்தாள், அழுடி, அழுதுடு, உள்ளே வச்சுக்காதே என்று. முதுகு வலித்தது. பதினாறு நாள் கழித்து ரங்கூன் கடுதாசி வந்தது, வட்டம் இருந்தது, வேண்டாங்கய்யா என்றாள். அவன் கடுதாசி வந்தால் பதில் போட வேண்டும். தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர் விலாசம் எழுதிக் கொடுப்பார், எழுதி முடித்ததும் பேனாவை அவளிடம் நீட்டுவார், ஏன் என்று கேட்கமாட்டார். அன்றைக்கும் நீட்டினார். பேனாவை வாங்கினாள். கோடு என்றால் காயலா, ஆனால் காயலா இல்லையே. இரண்டு வட்டம் என்றால் வா, ஆனால் வந்து என்ன செய்வான்? மை முனையில் திரண்டு சொட்டப் போயிற்று. சொட்டினால் அவன் அதையும் ஒரு குறி என்று நினைப்பானே என்று பயந்து, அவசரத்தில் கை போட்டுப் பழகினதைப் போட்டுவிட்டது. வட்டம். சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் போட்டாள். உள்ளே கவர் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு லேசு. மறுமாசமும் போட்டாள். அதற்கடுத்த மாசமும். இரண்டாவது தடவை போடும்போது பயமாக இல்லை. மூன்றாவது தடவை ஏறக்குறைய ஆறுதலாக இருந்தது. என்னத்தைச் சொல்ல, நாகப்பட்டணத்தில்தானே பிள்ளை இல்லை. ரங்கூனில் இருக்கிறாள். அங்கே நீலாச்சிக்கு மூன்று வயசு முடிந்து நாலு நடக்கிறது. அங்கே அவள் மணல் தின்கிற பழக்கத்தை விட்டிருப்பாள். அங்கே அவளுக்கு முடி வளர்ந்து பின்னல் போடுகிற அளவுக்கு வந்திருக்கும். ஒருத்தன் மூட்டை கட்டிவிட்டு வந்து படுக்கும்போது அவளை நினைக்கிறான், அந்த நினைப்பில் நடக்கிறாள், ஓடுகிறாள். வட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் நடந்துகொண்டே இருப்பாள்.

அப்படியானால் அந்தக் கவருக்குள் என்ன? மனசு அங்கேதான் வந்து முட்டியது, முட்டித் திரும்பியது, திரும்பி மறுபடி அங்கேயே வந்தது. தெரிந்துவிட்டதா? பட்டம்மாவின் கொழுந்தன் புரட்டாசியில் ரங்கூனுக்குக் கப்பலேறினான். அவன் சொல்லியிருப்பான். சொல்லாமல் இருப்பானா? அவனுக்குத் தெரியாதே, இவள் வட்டம் போட்டது. துக்கம் கேட்கிற மாதிரி, என்னாப்பா வைத்திலிங்கம், இப்படி ஆயிடுச்சே என்று ஆரம்பித்திருப்பான். என்னா ஆயிடுச்சு என்று இவன் கேட்டிருப்பான். அப்புறம் மடியிலிருந்து மூன்று வட்டங்களையும் எடுத்து விரித்து, இல்லை, எடுக்க முடியாது, அவன்தான் எதையும் வாங்கமாட்டானே, அவனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு அனுப்புகிறவன்தானே, மனசிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்திருப்பான், ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. அப்புறம் ஆளைப் பிடித்து எழுதச் சொல்லியிருப்பான். நிறைய எழுதச் சொல்லியிருப்பான், அதுதான் கனம். நீ மனுசியா, நீ பெத்தவளா என்று எழுதச் சொல்லியிருப்பான். ஆனால் தெரிந்தவன் மூலையில் வட்டம் போடுவானா? பிள்ளை போனது தெரிந்து, நான் சுகம் என்று ஒருத்தன் எழுதுவானா? எழுதமாட்டான். ஆகவே தெரியாது. ஊசி சாக்கைத் துளைத்து மறுபக்கம் வந்தது. ஏன் எழுதமாட்டான், நீ எழுதினாயே. ஊசி திரும்பி இந்தப் பக்கம் வந்தது. அவன் கைக்கும் அது பழகினதுதானே. இப்போது நாலு பேர் காலணாக் கார்டு என்று ஒன்று வாங்கி எழுதிப் போடுகிறார்கள், மலிவு, ஆனால் திறந்து கிடக்கும், தபாலாபீசில் தொடங்கி ஆலை வாசல் வரை எல்லாரும் படிப்பார்கள் என்று அவள் அந்தப் பக்கமே போனதில்லை. படித்தால் என்ன, ஊருக்கே தெரிந்ததுதானே. அது இல்லை. கார்டு என்றால் வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தர் எதிரே உட்கார்ந்து, ம், சொல்லும்மா என்பார். இன்றுவரை அந்த வார்த்தையை அவள் வாய் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை, அவளைப் பார்க்கிற எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

மணி மூன்று அடித்தபோது நாலு சாக்குதான் ஆகியிருந்தது. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. நாலு அடிக்கட்டும், பை போகட்டும், பட்டணத்துக்காரன் பிரிக்கட்டும். அடுத்த மாசம் ஒரு வெறும் கவர் வரும், லேசாகப் படபடக்கும், வேண்டாங்கய்யா. இப்படியே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போகும். அதை நினைத்தபோது உடம்பு சாக்குக்குள் இறங்குவது போலச் சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததுதான் பயமாக இருந்தது. "அக்கா, ஒரணா இருக்கா?" என்று வாய் கேட்டது. பட்டம்மா புகையிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்தாள். "இத்தனை நாளு திருப்பினதுக்கெல்லாம் சேர்த்து வசூல் பண்ணிக் கப்பலேத்திடுவான்டி உன்னைய" என்று கேலி பண்ணினாள், பண்ணிக்கொண்டே மடியை அவிழ்த்தாள். முகத்தைப் பார்த்தவள் ஏனோ கேலியை நிறுத்தி, காலணா கூடவே வைத்தாள். "வச்சுக்க. போ." செங்கமலம் நடந்தாள். மேட்டுத் தெருவில் கருவாடு காய்ந்தது, ஆடு ஒன்று சுவரொட்டியைத் தின்றது, கால் தன்பாட்டுக்கு நடந்தது. போய் என்ன கேட்பது? வேண்டாம் என்றது வேண்டும் என்று எப்படிக் கேட்பது? சர்க்காரில் அப்படிக் கேட்கலாமா? ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டால்? தபாலாபீசின் ஜன்னல் உயரமாக இருந்தது. உள்ளே ஒரு ஆள் சாக்குப் பையின் வாயைப் பிடித்துக்கொண்டிருக்க, நாயுடு கட்டுக்கட்டாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். அவள் கோணியை அப்படித்தான் பிடிப்பாள், அதே பிடி.

"நாயுடு ஐயா." அவர் நிமிர்ந்தார். "என் கடுதாசி." நாயுடு ஒன்றும் கேலி பண்ணவில்லை. கட்டைப் பிரித்து, மேலாக இருந்ததை எடுத்தார். "எடுக்கும்போதே பார்த்தேன், கனமாத்தான் இருந்துச்சு. நீதான் தொட்டே பார்க்கறதில்லியே." ஒரணாவை வைத்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கவர் அவள் கைக்கு வந்தது. சொரசொரப்பாக இருந்தது. பிரிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரிடமே நீட்டினாள். உள்ளே ஒரு தாள் இருந்தது, கூடவே சீட்டுக்கட்டுச் சீட்டளவுக்கு ஒரு அட்டைத் துண்டு. அட்டையில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. நாயுடு வெளியே வந்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சௌபாக்கியவதி செங்கமலத்துக்கு வைத்திலிங்கம் சொல்லி எழுதியது. இவ்விடம் நான் க்ஷேமம். உன் க்ஷேமமும் குழந்தை நீலாச்சி க்ஷேமமும் நீ போடும் வட்டத்தால் மாசாமாசம் அறிந்து சந்தோஷம்." நாயுடு நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "படிங்க" என்றாள். "நான் தை மாசம் வருகிறேன். ஆலைக்குப் பக்கத்தில் நம் ஊர்த் தட்டார் ஒருவர் கடை போட்டிருக்கிறார். குழந்தைக்கு வெள்ளித் தண்டை செய்யச் சொல்லியிருக்கிறேன். இத்துடன் வைத்துள்ள நூலைக் குழந்தையின் கணுக்காலில் சுற்றி அளவெடுத்து, அந்த அளவுக்கு அறுத்து, தாமதமில்லாமல் அனுப்பவும். வளருகிற பிள்ளை, கொஞ்சம் விட்டே எடுக்கவும். நம் வட்டத்தில் கால் அளவைச் சொல்ல வழியில்லாதபடியால் கடுதாசி எழுத நேர்ந்தது. முத்திரைக் காசும் தண்டைக்கே போனபடியால், கனத்தைப் பார்த்து நீ வாங்கிக்கொள்வாய் என்று பேரிங்காகவே அனுப்புகிறேன்." அவ்வளவுதான். நாயுடு தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "ஏம்மா, நீ இன்னும்" என்று ஆரம்பித்து, தாளை அவள் பக்கத்தில் பெஞ்சியில் வைத்தார்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று அவளே கவனித்தாள். அவனுக்குத் தெரியாது, திட்டவில்லை, தண்டை செய்கிறான். நூலை அட்டையிலிருந்து பிரித்தாள். நல்ல நூல், முறுக்கு இறுக்கமாக இருந்தது. கட்டைவிரலும் நடுவிரலும் தாமாக வளைந்தன. எண்ணெய் தேய்க்கும்போது இப்படித்தான் பிடிப்பாள், கட்டைவிரல் நுனி நடுவிரலின் முதல் கணுவில் வந்து சேரும், அது கால். கையில் கால் இருந்தது. வெறும் காற்றைச் சுற்றி நூலை வளைத்தாள், நாயுடு பார்த்துக்கொண்டிருக்க வளைத்தாள், நுனி சேர்ந்த இடத்தை நகத்தால் பிடித்துக்கொண்டு பல்லுக்குக் கொண்டுபோனாள். ஒரு கடி. கடித்துக் கவரில் போட்டால் ரங்கூனில் தட்டார் வெள்ளியை உருக்குவார், அவன் தை வரைக்கும் மடியில் வைத்திருப்பான். தை வரைக்கும்தான் என்றாலும் தை வரைக்கும். கொஞ்சம் விட்டே எடுக்கச் சொல்கிறான். வளருகிற பிள்ளை. எவ்வளவு விடுவது? நூலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஆடியில் இவ்வளவு. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, இது கார்த்திகை. நாலு மாசத்தில் ஒரு பிள்ளையின் கால் எவ்வளவு பருக்கும்? ஒரு நெல்லளவா, இரண்டு நெல்லளவா? நகத்தைத் தள்ளி வைத்தாள். அதிகமாகத் தெரிந்தது. இழுத்து வைத்தாள். அது ஆடியின் கால். மறுபடி தள்ளினாள். தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாத அளவு ஒன்று உண்டா? கேட்க ஆளில்லை, சுற்றிப் பார்க்கக் கால் இல்லை. விரல்களின் வளையம் தானாக அவிழ்ந்துவிட்டது. திரும்ப வளைத்துப் பார்த்தாள், சேரவேண்டிய இடம் சேரவில்லை.

"ஐயா, ஒரு கார்டு கொடுங்க" என்றாள். "கவராப் போடேன்ம்மா. கார்டுன்னா நாலு பேரு படிப்பான்." "படிக்கட்டும்." நாயுடு எழுந்து போய் ஒரு கார்டும் மைக்கூடும் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தில் விலாசத்தை எழுதிக்கொண்டு மறுபக்கம் திருப்பி, பேனாவைத் தோய்த்துக் காத்திருந்தார். ம், சொல்லும்மா என்று அவர் சொல்லவில்லை. அவளே சொன்னாள். "புள்ள இல்லன்னு எழுதுங்க." பேனா கீச்சிட்டது. "நீலாச்சி செத்துப்போயிட்டான்னு எழுதுங்க. ஆடி மாசமே. வட்டம் பொய்யுன்னு எழுதுங்க." அவர் எழுதினார். உள்ளேயிருந்து பை கட்டுகிற ஆள், "நாயுடு, நேரமாச்சு, அரக்கு காயுது" என்றான். "இருடா" என்றார் நாயுடு, அவன் பக்கம் திரும்பாமலே. கார்டை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார். மேலே மூன்றே வரி கறுப்பாக இருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாகக் கிடந்தது, எவ்வளவோ இடம், அவள் நினைத்ததற்கு மேலே. "இன்னும் இடம் கிடக்கு, செங்கமலம். வேற என்ன எழுத?" அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "காலையில கஞ்சி கேட்டா" என்றாள். "குடிச்சா. உப்பு பத்தலேன்னா. நான் எழுந்திருக்க முடியாம, இருக்கறதைக் குடின்னு அதட்டினேன்." மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் வழிந்தது, அவள் துடைக்கவில்லை, அதற்கு நிறுத்த வேண்டுமே. "பத்து மணி வாக்குல முதல் வாந்தி. பட்டம்மா அக்கா மிளகு அரைச்சுக் கொண்டாந்தாங்க. அப்பா கப்பல் வந்துடுச்சான்னு ஒருவாட்டி கேட்டா. எழுதுங்க ஐயா, எல்லாத்தையும் எழுதுங்க." நாயுடு எழுத்தைப் பொடிசாக்கிக்கொண்டார்.